மாமாவின் ஏ-போர்ட்டிக்கு மா பூசிய கதை

எனக்குக் காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இந்த ஒரு வசனத்தை மாமாவுக்கு முன்னால் நேரத்தோடு சொல்லியிருந்தால், கூறைச் சேலையும் மாலையுமாக நான் ஒயில் கான் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படம் எங்கள் கலியாண அல்பத்தில் வந்திருக்காது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு வயது வரவேண்டும். எனக்கு அப்போது வரவில்லை. (இப்போதும் முழுதாக வந்துவிட்டது என்று சத்தியம் பண்ணமாட்டேன். இவரைக் கேட்டுப் பாருங்கள்.)

கிளிநொச்சியில், வாகனத்துக்குக் கடன் கொடுக்கும் ஒரு லீசிங் கொம்பனியில் எனக்கு வேலை. என் மேசைக்கு வருவது வாகனம் அல்ல, வாகனத்தின் புத்தகம். எஞ்சின் நம்பர் எங்கே எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும், எஞ்சின் எங்கே இருக்கும் என்பதுதான் கொஞ்சம் சந்தேகம். ஆனாலும் சொந்தபந்தத்துக்குள் ஒரு கதை பரவியிருந்தது: தர்சினிக்கு வாகனமென்றால் தலைகீழ்ப் பாடம். நான் அதை மறுக்கவில்லை. நாலு பேர் நல்லதாகச் சொல்லும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான்.

எனக்கும் கஜனுக்கும் எழுத்து முடிந்து (பதிவைத்தான் எங்கள் பக்கம் எழுத்து என்போம்) ஆவணியில் கலியாணம் என்று நாளும் வைத்தாயிற்று. கஜன் வீடு உடையார்கட்டில். அவருடைய அப்பாவுக்கு, அதாவது மாமாவுக்கு, அங்கே வயல், மாடு, மாமி எல்லாம் இருந்தாலும் அவருடைய உயிர் ஒரு ஏ-போர்ட்டிக் காரில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், உருண்டை முதுகு, தவளை முகம். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. கஜன் பிறக்கப்போகும் நேரம் மாமியை ஒருமாதிரி முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடைசிச் சண்டைக் காலம் முழுவதும் பூவரசங்குளத்தில் ஒரு சிநேகிதரின் மாட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்குள் கிடந்தது. ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்குக் கூரை போட முதலே மாமா போய் அந்தக் காரைக் கூட்டி வந்தார். அதை மாமி இன்றுவரைக்கும் மன்னிக்கவில்லை.

காருக்கு ஒரே ஒரு வியாதி. ஒயில் ஒழுகும். நின்ற இடமெல்லாம் கறுப்புச் சொட்டு. மண் முற்றமாக இருந்தவரைக்கும் மண் குடித்துவிட்டது. ஆனால் கலியாணத்துக்கென்று மாமி முற்றம் முழுவதும் இன்ரலொக் கல் பதிப்பித்துவிட்டார். அன்றோடு சண்டை தொடங்கியது.

"நிண்ட இடத்தில மூத்திரம் பெய்யிற உந்தச் சாமான் என்ர கல்லில ஏறப்படாது," என்று மாமி அறிவித்தார். "அந்தக் கொழும்பு ஆள் எத்தினை தரம் கேட்டுட்டுது. கலியாணத்துக்கு முதல் ஒழுக்கு நிண்டால் கார் நிக்கட்டும். நிக்காட்டில் கொழும்புக்குப் போகட்டும்."

கொழும்பு ஆள் என்றது பழைய கார்கள் சேர்க்கும் ஒரு பணக்காரர். மாமாவோ, கலியாணம் முடிந்து பொம்பிளை மாப்பிள்ளை கால்மாறிப் போகும்போது, அதாவது பொம்பிளை முதன்முதலாக மாப்பிள்ளை வீட்டுக்கு வரும்போது, அந்தக் காரில்தான் வரவேண்டும், தான்தான் ஓட்டவேண்டும் என்று எங்கள் எழுத்து முடிந்த நாளிலிருந்து கனவு கண்டுகொண்டிருந்தார். மனுசனுக்கு அந்தக் கிழமைகளில் சோறும் இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் நான் அவர்கள் வீட்டுப் பலகாரச் சூட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் கூடியிருந்தார்கள். முற்றத்தில் கல் அடுப்பு மூட்டி, பெரிய தாச்சியில் எண்ணெய் கொதித்தது. நான் பயத்தம் பணியாரத்துக்கு உருண்டை பிடிக்க உட்கார்ந்து கொஞ்ச நேரந்தான், மாமா பின்பக்கமாக வந்து மெதுவாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ வாகனப் பகுதியிலதானே வேலை. உது எங்கயால ஒழுகுது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவியே? கராச்சுக்குக் கொண்டுபோனால் ஒவ்வொருத்தன் ஒவ்வொரு இடத்தைச் சொல்லுறான்."

அந்த முகத்தைப் பார்த்து யாரால் இல்லையென்று சொல்ல முடியும்?

"அதுக்கென்ன மாமா. பாத்தால் போச்சு," என்றேன்.

கஜன் என் காதுக்குள், "உமக்கு உது தெரியுமோ?" என்றார்.

"நீங்கள் சும்மா இருங்கோ," என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் தலைகீழாகவே குதித்தேன்.

முற்றத்துக் கல் முடியும் ஓரத்தில், மண்ணில் நின்ற காரின் பொனற்றைத் திறந்தார்கள். உள்ளே எல்லாமே கறுப்பு. ஒரு சட்டிக்குள் இன்னொரு சட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் முப்பது வருசம் கரி பிடிக்க விட்டது போல இருந்தது. நான் இடுப்பில் கை வைத்து, "ம்... ம்..." என்றேன். மாமாவும் "ம்" என்றார். முதலில் ஒயில் அளவு பார்க்கும் கம்பியைக் கேட்டேன். அது மட்டும் எனக்குத் தெரியும், அப்பாவின் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் காரின் உண்மையான கம்பி இடம்பெயர்வில் எங்கேயோ தொலைந்து, அதற்குப் பதிலாக மாமா ஒரு வேலிக் கம்பியை வெட்டிச் சொருகியிருந்தார். அதில் கோடும் இல்லை, குறியும் இல்லை.

"நனைஞ்சால் காணும் பிள்ளை. நான் நனையுதோ எண்டுதான் பாக்கிறனான்."

இழுத்துப் பார்த்தேன். கம்பி கழுத்துவரைக்கும் நனைந்திருந்தது.

"சோக்காய் இருக்கு மாமா. ஒயில் பிரச்சினையே இல்லை," என்று சொல்லித் துடைத்துச் சொருகினேன். (இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரைக் கையில் பிடித்து, வாசித்து, துடைத்தும் வைத்த ஒரே வைத்தியர் நான்தான்.)

பிறகு கைபேசியை எடுத்து வீடியோ தேடினேன். ஒரு வெள்ளைக்கார மனுசர் இதே மாதிரி ஒரு பழைய எஞ்சினுக்குப் பவுடர் தூவிக்கொண்டிருந்தார். ஒழுக்கு இருக்கும் இடத்தில் பவுடர் நனைந்து கறுக்குமாம், அந்த இடந்தான் மூலம் என்று கண்டுபிடித்துவிடலாமாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதைவிடச் சுகமான வேலை உண்டா? வீடியோவின் முதல் பாதியில் அவர் எதையோ மினக்கெட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வளவளவென்று இழுக்கிறார் என்று அதைத் தட்டிவிட்டேன். எஞ்சினைத் துப்புரவாகக் கழுவிய பிறகுதான் பவுடர் போடவேண்டும் என்ற கதை அந்தப் பாதியில் இருந்திருக்கிறது.

"மாமா, பவுடர் வேணும்."

வீட்டில் இருந்த பவுடர் டப்பாவைத் தட்டிப் பார்த்தோம். ஒரு மூக்குக்குத்தான் காணும். மாமா யோசித்தார். அவருடைய கண்ணில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது. குசினிப் பக்கம் பூனை நடை நடந்து போனவர், ஒரு சுளகு நிறைய அரித்து வைத்த கோதுமை மாவோடு திரும்பி வந்தார்.

"உது மாமிக்குத் தெரியுமோ?"

"பேந்து சொல்லுவம்," என்றார் மாமா.

நான் கோலம் போடுகிறவள் போல எஞ்சின் முழுவதும் மாவைத் தூவினேன். அடியும் முடியும் தெரியாமல் வெள்ளையாகிவிட்டது. திருநீறு பூசிய சாமியார் மாதிரி இருக்கிறது என்று மாமா கும்பிட்டார். கஜன் ஸ்ரியறிங்கில் இருந்தார்.

"ஸ்ராட் பண்ணுங்கோ!" என்று கை காட்டினேன்.

எஞ்சினுக்கு முன்னால் ஒரு காற்றாடி இருக்கும், எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் தெரிய வந்தது. அதுவும் ஆவணி மாதம், சோளகக் காற்று ஆளைத் தூக்கும் காலம். காரும் பலகார அடுப்புக்குக் காற்றுப் பக்கமாக நின்றது. "பொம்" என்று ஒரு சத்தம். பிறகு எனக்கு எதுவும் தெரியவில்லை. மாமா தும்முகிற சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளை மேகம் காரைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, நேராக அடுப்படிக்குப் போனது.

"என்ர அம்மாளாச்சி! என்ன புகையடி இது?"

"ஆரோ மா கருக்கினம்!"

"தாச்சியை மூடுங்கோடி, தாச்சியை!"

மேகம் கலைந்தபோது அடுப்பைச் சுற்றி இருந்த பெண்களெல்லாம் ஒரே கணத்தில் நரைத்துப்போய் இருந்தார்கள். நடுவில் மாமி. கண் இரண்டும், திறந்த வாயும் மட்டுந்தான் கறுப்பு. எஞ்சினின் சூட்டுக் குழாயில் ஒயிலும் மாவும் சேர்ந்து வெந்து நல்ல ரொட்டி வாசம் வீசியது. அந்த வாசத்துக்கு மாமியின் பேட்டுக் கோழி ஒன்று ஓடிவந்து மட்காட்டில் ஏறி நின்று எஞ்சினைக் கொத்தத் தொடங்கியது.

மாமி எழும்பி வந்தார். சுளகைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். (ஆம்பிளைகளின் தைரியம் இவ்வளவுதான்.)

"வாய்க்கொழுப்பு சீலையால வடியும் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். எஞ்சினால வடியிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றார் மாமி. பிறகு மகனிடம் திரும்பி, "கஜன், நீ வடிவா விசாரிச்சுப்போட்டுத்தானே எழுத்து எழுதினனி?" என்று கேட்டார்.

வெட்கத்தில் எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. நிலம் பிளக்கவில்லை, புதுசாகக் கல் பதித்த நிலம். சரி, முன்வைத்த காலைப் பின்வைக்கக்கூடாது என்று எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தேன். மா நனைந்த இடம்தான் ஒழுக்கு இருக்கும் இடம். எல்லா இடமும் நனைந்து களியாக இருந்தது. கழுவாத எஞ்சினில் வேறென்ன நடக்கும்? ஆனால் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுதான் மாமா. மேல் மூடிப் பக்கிங்," என்றேன்.

எஞ்சினின் உச்சியில் ஒரு தகர மூடி, அதன் விளிம்பில் ஒயில் கசியாமல் ஒரு பட்டி. அதைத்தான் பக்கிங் என்பது. நான் அதைச் சொன்னதற்கு ஒரே காரணம், அதுதான் என் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

புதுப் பக்கிங்குக்கு கஜன் கடைகடையாக அலைந்து வெறுங்கையோடு வந்தார். தடித்த மட்டையில் வெட்டிப் போடலாம் என்று மாமா சொன்னார். வீட்டில் இருந்த ஒரே தடித்த மட்டை எங்கள் கலியாணக் காட்! மிஞ்சிக் கிடந்தவற்றை எடுத்து வெட்டத் தொடங்கினோம். பிள்ளையார் படத்தில் கத்தி வைக்கமாட்டேன் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். அதனால் பிள்ளையாரை விட்டு எழுத்துப் பக்கங்களை மட்டும் நீட்டு நீட்டாக வெட்டி ஒட்டினோம். ஒரு பக்கத்தில் "நிகழும் மங்களகரமான". மறுபக்கத்தில் "சுற்றமும் நட்பும் சூழ". முன்பக்கத்தில் என் பெயரும் கஜனின் பெயரும். மூடியைப் போட்டு இறுக்கினோம்.

அன்று பின்னேரம் காருக்குக் கீழே மாமா வெள்ளைத் தாள் விரித்தார். ஒரு சொட்டு விழவில்லை! அடுத்த நாளும் விழவில்லை. எனக்குத் தலை கால் தெரியவில்லை. மாமா ஊர் முழுக்கப் போன் அடித்து, "என்ர மருமகள் எஞ்சினியர்," என்றார். மாமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம். கலியாணத்தண்டும் பாப்பம்," என்றார். (களி பிடித்த மா காய்ந்து எல்லா ஓட்டையையும் தற்காலிகமாக அடைத்திருக்கிறது என்று பிறகுதான் விளங்கியது. என் கைராசி அல்ல, கோதுமையின் பசை.)

கலியாணத்தன்று கிளிநொச்சி மண்டபத்தில் தாலி கட்டி, சாப்பாடும் முடிந்தது. வாசலில் ஏ-போர்ட்டி பூச்சரம் கட்டிப் புதுப் பொம்பிளை மாதிரி நின்றது. படம் எடுக்கக் காரடிக்குப் போனபோது பார்க்கிறேன், கீழே ஒரு சொட்டு. கறுப்பாக, உருண்டையாக, என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

மாமி இதைக் கண்டால் கார் கொழும்புக்கு. மாமா தோள் சால்வையால் காரின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சந்தோசத்தில் அழாக்குறையாக நிற்கிறார். அந்த மனுசனுக்கு இதை எப்படிச் சொல்வது? நான் கூறைச் சேலையை விரித்துச் சொட்டின்மேல் ஏறி நின்றுகொண்டேன். ஒழுகினால் ஒயில் குறையும், குறைந்தால் எஞ்சின் இறுகும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. டிக்கியிலிருந்து ஒயில் கானை எடுத்து, பொனற்றைத் திறக்கச் சொல்லி, போஸ் கொடுக்கிற சாட்டில் ஊற்றினேன்.

"அக்கா, சூப்பர்! அப்பிடியே நில்லுங்கோ!" என்றான் படம் எடுத்தவன்.

பின்னேரம் நல்ல நேரம் முடிய முதல் உடையார்கட்டு வீட்டுப் படி ஏறவேண்டும். மாமா ஓட்ட, பக்கத்தில் மாமி, பின்னால் நாங்கள். பரந்தன் தாண்டும்வரை ராசா மாதிரிப் போனோம். தருமபுரத்தில் பின்னால் வந்த சொந்தக்கார வானைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன், நீலப் புகைக்குள் அது இருமிக்கொண்டு வந்தது. விசுவமடு வர முதல் எஞ்சினுக்குள் ஏதோ "பொலுக்" என்றது. வெண்ணெய் திரண்டு வரும் நேரம் தாழி உடைந்தது. பொனற்றின் இடுக்குகளால் ஒயில் வழிந்து கண்ணாடியில் தெறிக்க, மாமா காரை ஓரங்கட்டினார்.

"சுற்றமும் நட்பும் சூழ" கிழிந்து வெளியில் தொங்கியது.

மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் ஒயில் கானைத் தூக்கினார்.

"ஒயில் வத்திப்போச்சுப் போல. எப்பன் ஊத்துவம்."

"அப்பா, காலமை நான் ஊத்தினனான்," என்றார் கஜன்.

"நீயோ? நானெல்லோ விடிய எழும்பி ஊத்தினனான். ஒவ்வொரு நாளும் நான்தானே ஊத்திறது."

"நான் வீட்டை வாற நேரமெல்லாம் ஊத்திறனான் அப்பா. நீங்கள் றோட்டில நிண்டிடுவீங்கள் எண்டு."

நான் மாலையைத் திருகிக்கொண்டு, "மாமா... நானும் இப்ப மண்டபத்தில கொஞ்சம்..." என்றேன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்போது முன்சீற்றிலிருந்து, நேரே றோட்டைப் பார்த்தபடி, மாமியின் குரல் வந்தது.

"நானும்தான்."

மாமாவின் கையிலிருந்த கான் அப்படியே நின்றுவிட்டது.

"நீரோ? நீர் எப்பயப்பா?"

"பின்னேரத்தில. விளக்கு வைச்சுப்போட்டு."

"எவ்வளவு காலமா?"

"உந்தச் சனியனைப் பூவரசங்குளத்தால கொண்டு வந்த நாள் துவக்கம்." மாமி இன்னமும் திரும்பவில்லை. "இவன் வயித்துக்க இருக்கேக்க, எனக்கு நோ எடுக்க, இடைவழியில உது நிண்டிட்டுது. நீங்கள் றோட்டில குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதனீங்கள். இன்னொருக்கா உங்களை அப்பிடிப் பாக்க என்னால ஏலாது. அதுதான்."

மாமா மூக்கை உறிஞ்சினார். எனக்கும் கண் கலங்கி, பொம்பிளை மேக்கப்பெல்லாம் இறங்கிவிட்டது.

ஒழுகுகிறது என்று ஊற்ற, ஊற்றியதால் ஒழுக, ஒழுகியதால் இன்னும் ஊற்றியிருக்கிறோம். எஞ்சினுக்கு ஒரு வியாதியும் இல்லை. நாலு பேரின் பாசம் அதற்குச் செமிக்கவில்லை, அவ்வளவுதான். கழுத்துவரைக்கும் நனைந்திருந்த அந்த வேலிக் கம்பியை நான் நினைத்தேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? நேரம் போகுது, இறக்குங்கோ ஒயிலை!" என்று மாமி சத்தம் போட்டார். வடிக்க ஏனம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து கொடுத்துவிட்ட பலகார வாளியை மாமி தன் கையாலேயே வானுக்குள் கவிழ்த்துக் கொட்டி என்னிடம் நீட்டினார். கஜன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழே பூந்து ஒயில் ஆணியைக் கழற்ற, நான் கூறைச் சேலையோடு குந்தி வாளி பிடித்தேன். கறுப்பாகக் கொட்டியது, நிற்கவேயில்லை. வாளி முக்கால்வாசி நிறைந்ததும், "காணும், மிச்சம் அதின்ர சீவனுக்கு இருக்கட்டும்," என்று மாமி சொன்ன கணக்கில் கஜன் ஆணியை இறுக்கினார். கிழிந்த பக்கிங்குக்கு மாமா தன் புதுச் சால்வையைக் கிழித்துத் திணித்தார். ஸ்ராட் பண்ணினோம். புகை குறைந்தது. ஆலாத்தி எடுக்க நின்றவர்கள் கை வலிக்கிறது என்று தட்டைக் கீழே வைக்கும் நேரம், ஏ-போர்ட்டி வாசலில் போய் நின்றது.

மாமி இறங்கிக் கையைக் காட்டினார். "ஏத்துங்கோ. கல்லுக்கு மேல ஏத்துங்கோ."

படியேறிய பிறகு எல்லாரும் குனிந்து காருக்குக் கீழே பார்த்தோம். ஒரே ஒரு சொட்டு. மாமி அதைக் காலால் தேய்த்துவிட்டு உள்ளே போனார்.

கொழும்பு ஆள் பிறகும் ஒருமுறை போன் எடுத்தார். மாமிதான் கதைத்தார். "இல்லைத் தம்பி, அது விக்கிற சாமானில்லை," என்று சொல்லி வைத்துவிட்டார். ஒயில் கான் இப்போது மாமியின் அலுமாரிக்குள், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டியிருக்கிறது. வேலிக் கம்பியில் மாமி ஆணியால் ஒரு கோடும் கீறிவிட்டார். கூறைச் சேலையின் ஓரத்தில் கறை இருக்கிறது. அல்பத்தில் அந்தப் படமும் இருக்கிறது, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மாமா முதலில் அதைத்தான் காட்டுவார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்புக் கூடினால், பூங்கன்று தண்ணீரில் அழுகினால், யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "எத்தினை பேர் ஊத்தினது?"

மகள் பிறந்து வீட்டுக்குக் கொண்டுவந்த புதிதில் ஒருநாள், மாமாவின் தோளில் கிடந்து அவர் முதுகு நனையக் குடித்த பாலையெல்லாம் கக்கினாள். நான் விடியவே பால் கொடுத்துவிட்டேன். பிள்ளை அழுதாள் என்று மாமி ஒரு போத்தல். வேலைக்குப் போக முதல் ஆசைக்கென்று கஜன் ஒரு போத்தல். சட்டையெல்லாம் பால் வழிய மாமா திரும்பி நின்று எங்களை முறைத்தார்.

"எத்தினை பேர் ஊத்தினது?"

மாமி கையைத் தூக்கினார். கஜன் தூக்கினார். நானும் தூக்கினேன். கேட்ட மாமாவின் மற்றக் கையைப் பார்த்தோம். அதிலும் ஒரு போத்தல் இருந்தது.